ஈறுப்பிளவு எலும்புக்குப் பால்பல் செல்: ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

எங்கள் பல் மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் செல் வளர்ப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எம்டிஎஸ் (பல் மருத்துவ முதுநிலை) பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்விகளோடு வருவதால் இதை எழுதி வைக்கிறேன்.

உதட்டிலும் அண்ணத்திலும் பிளவுள்ள குழந்தைகள் பலருக்கு மேல் ஈறு எலும்பிலும் இடைவெளி இருக்கும். கோரைப்பல் இறங்குவதற்கு முன், பெரும்பாலும் 8 முதல் 11 வயதுக்குள், இடுப்பெலும்பிலிருந்து சுரண்டியெடுத்து அங்கே நிரப்புவார்கள். நல்ல சிகிச்சைதான். ஆனால் வாயை விட இடுப்பு வலிதான் பிள்ளையைச் சில நாள் நொண்ட வைக்கும். அந்த வயதில் பால்பற்கள் எப்படியும் விழுகின்றன. அவற்றின் கூழில், அதாவது பல்லுக்குள் இருக்கும் மென்மையான திசுவில், எலும்பு உட்படப் பல வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல் இருப்பதை 2003இல் மியூரா, ஷி ஆகிய ஆய்வாளர்களின் குழு காட்டியது. பிரேசிலின் சாவ் பாவ்லோவில் இதையே பிளவுள்ள குழந்தைகளுக்கு வைத்துப் பார்த்து, இடுப்பெலும்பு ஒட்டோடு ஒப்பிட்டு 2020இல் வெளியிட்டார்கள்.

முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி. பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. 7 வயது தாண்டிய பிள்ளையிடமும் புரியும்படி சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும்.

வீட்டில் விழுந்து, தாளில் மடித்துக் கொண்டுவரும் பல் வேண்டாம். கூழ் காய்ந்திருக்கும். சொத்தைப் பல்லும் வேண்டாம். ஆடிக்கொண்டிருக்கும் பல்லை மருத்துவர் எடுத்ததும், ஆன்டிபயாட்டிக் கலந்த மீடியத்தில் (செல் வளர்க்கும் ஊட்டத் திரவம்) போட்டு, ஐஸில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்துக்கு வர வேண்டும். வேர் கரைந்த பல்லென்றால் அடிப்பக்கமாகவே கூழை மெல்லக் கிளறி எடுத்துவிடலாம். சுழலும் டிஸ்க் வைத்துப் பல்லை வெட்டினால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும், சூடு செல்லைக் கொன்றுவிடும்.

கூழைப் பொடியாக நறுக்கி, மில்லிலிட்டருக்கு 3 மி.கி. கொலாஜனேஸ், 4 மி.கி. டிஸ்பேஸ் (இரண்டும் திசுவைக் கரைத்துச் செல்லைப் பிரிக்கும் நொதிகள்) கலந்த கரைசலில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு 70 மைக்ரான் வடிகட்டி, ஃபிளாஸ்க், இன்குபேட்டர். முதல் மூன்று நாள் ஃபிளாஸ்க்கை அசைக்காதீர்கள். ஆர்வம் தாங்காமல் மணிக்கொரு முறை எடுத்துப் பார்க்கிறவர்களின் செல்தான் ஒட்டாமல் போகும். ஃபிளாஸ்க்கின் தரை முக்கால் பங்கு செல்லால் நிரம்பியதும் பாசேஜ், அதாவது செல்லைப் பிரித்துப் புது ஃபிளாஸ்க்குகளுக்கு மாற்றுவது. சோதனைக்கு 3 முதல் 5ஆம் பாசேஜ் வரை போதும். செல்லின் மேல் இருக்கும் அடையாளப் புரதங்களில் ஸ்டெம் செல்லுக்குரிய சிடி73, சிடி90, சிடி105 மூன்றும் உள்ள செல்கள் 95 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, ரத்தச் செல் வகைகளுக்குரிய சிடி34, சிடி45 உள்ளவை 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதுவரை பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். செல் ஒட்டி வளர வைக்கும் நுண்துளைச் சாரமான ஸ்கேஃபோல்டில் ஏற்றும்போதுதான் வேலை தெரியும். கொத்தனார் செங்கலை நனைத்துத்தான் வைப்பார். அதுபோல ஸ்கேஃபோல்டை முதல் நாள் இரவே மீடியத்தில் ஊற வையுங்கள். மறுநாள் மிகுந்த ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, கொஞ்சத் திரவத்தில் நிறையச் செல்லாகக் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். இரண்டு மணி நேரம் இன்குபேட்டரில் ஒட்ட விட்ட பிறகே மீடியம் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் செல்லெல்லாம் வளர்ப்புத் தட்டின் குழியில், தரையில் கிடக்கும். மறுநாள் ஸ்கேஃபோல்டைப் புதுக் குழிக்கு மாற்றி, பழைய குழியில் மிஞ்சியதை எண்ணுங்கள். எத்தனை செல் உண்மையில் ஏறியது என்று அப்போதுதான் தெரியும்.

தடிமனான துண்டு என்றால் நடுவில் பிராணவாயு போய்ச் சேராது. ரத்தக்குழாய் இல்லாத இடத்தில் அது 200 மைக்ரான் அளவுக்குத்தான் ஊடுருவும். அதனால் மேலோட்டமாகப் படம் எடுத்து மகிழாமல், துண்டைக் குறுக்கே வெட்டி உயிர்ச்செல் சாயம் போட்டுப் பாருங்கள்.

எலும்பாக மாற்ற டெக்ஸாமெத்தசோன், அஸ்கார்பிக் அமிலம், பீட்டா கிளிசரோபாஸ்பேட் சேர்த்த மீடியத்தில் 21 நாள். கடைசியில் கால்சியத்தைச் சிவப்பாகக் காட்டும் அலிசரின் சாயம் ஏறியதும் ஆய்வேடே முடிந்த மாதிரி குதிப்பார்கள். ஸ்கேஃபோல்டில் இருக்கும் ஹைட்ராக்சிஅபடைட்டும் டிரைகால்சியம் பாஸ்பேட்டும் கால்சியம் சேர்மங்கள்தானே, செல்லே இல்லாவிட்டாலும் சிவக்கும்! ஒப்பிட்டுப் பார்க்கச் செல் ஏற்றாத வெறும் ஸ்கேஃபோல்டு (கன்ட்ரோல்) இல்லாத படத்தை என்னிடம் காட்டாதீர்கள். ஏழாம் நாளையொட்டி எலும்பாக்கத்தில் கூடும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதி, பிறகு எலும்புச் செல்லில் வேலை செய்யும் ரன்எக்ஸ்2, ஆஸ்டியோகால்சின் மரபணுக்களின் அளவு, இவையும் சேர்ந்தால்தான் எலும்புச் செல் என்று நம்புவேன்.

பல் கொடுக்கும் பெற்றோர், "இதை எங்கள் பிள்ளைக்கே வைப்பீர்களா?" என்று நிச்சயம் கேட்பார்கள். மழுப்பாமல் இல்லை என்று சொல்லுங்கள். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 ஸ்டெம் செல் வழிகாட்டுதல்படி இத்தகைய சிகிச்சையை அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனையாக மட்டுமே செய்யலாம், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. பற்கூழைக் காசுக்குச் சேமித்து வைப்பதற்கும் அதில் இடமில்லை. இடுப்பெலும்பு ஒட்டுக்கு மருத்துவர் குறித்த தேதியை இதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம், கோரைப்பல் நமக்காகக் காத்திருக்காது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.