ஃபிட்ஜெட் என்றால் நடுக்கம் இல்லை

நேர்முகத் தேர்வுக்குக் காத்திருக்கும் பையனைப் பாருங்கள். பேனா மூடியைக் கழற்றுகிறான், மாட்டுகிறான். செருப்பிலிருந்து குதிகாலை உருவி மறுபடி நுழைக்கிறான். அப்புறம் சட்டைப் பொத்தானைத் திருக ஆரம்பிக்கிறான். ஆங்கிலத்தில் ஃபிட்ஜெட் (fidget) என்பது இதைத்தான்.

இதைத் தமிழில் ‘நடுங்கினான்’ என்று எழுதிவிடுகிறார்கள். குளிரிலோ பயத்திலோ உடம்பு தானாக உதறினால்தான் நடுக்கம். ‘பதறினான்’ என்பதும் ஒட்டாது. பதற்றம் மனசுக்குள் இருப்பது. ஃபிட்ஜெட் வெளியே தெரிகிற சின்னச் சின்ன அசைவு. பதற்றமே இல்லாமல், பாடம் சலித்தாலும் பிள்ளைகள் பெஞ்சில் நெளிவார்கள். ‘நெளிந்தான்’, ‘இருப்புக் கொள்ளாமல் எதையாவது நோண்டிக்கொண்டிருந்தான்’ என்று எழுதினால் சரியாக இருக்கும். எனக்குப் பிடித்தது இந்த நோண்டல்தான். ஒரு சொல்லுக்கு ஒரே சொல் என்று பிடிவாதம் பிடிக்காமல், அசைவது காலா கையா என்று பாருங்கள். ‘காலாட்டிக்கொண்டிருந்தான்’ என்பதே சில இடங்களில் போதும்.

2017-இல் பள்ளிப் பிள்ளைகள் கையிலெல்லாம் சுழன்ற ‘ஃபிட்ஜெட் ஸ்பின்னர்’ பொம்மையால் இன்னொரு குழப்பம்: ஃபிட்ஜெட் என்பதே அந்தப் பொம்மையின் பெயர் என்று நினைப்பது. பொம்மை நேற்று வந்தது. சொல் 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் புழங்கியது. அதற்கும் முன்னால், 16-ஆம் நூற்றாண்டில், ‘ஃபிட்ஜ்’ என்ற குட்டி வினைச்சொல் இருந்தது; ஓரிடத்தில் நில்லாமல் அசைவது என்று பொருள். அதன் வாலில் ஓர் அசை ஒட்டிப் பிறந்ததுதான் ஃபிட்ஜெட். ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘ஃபைக்’ என்றும் ஒரு சொல் உண்டு, பொருளும் ஏறக்குறைய இதுவே. அதைப் பிடித்துக்கொண்டு ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழிவரை போகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஊகம்தான், முடிந்த முடிவாக எழுதக் கூடாது. விரலோடு தொடர்புள்ள ‘டிஜிட்’டுடன் முடிச்சுப் போடுவதோ வெறும் ஒலி மயக்கம். கேட்ஜெட், விட்ஜெட் இரண்டும் இதற்குச் சொந்தமில்லை.

எழுத்துப் பிழை ஒன்று பாக்கி. ஆங்கிலத்தில் இறந்த காலம் எழுதும்போது கடைசி ‘t’-ஐ இரட்டிக்காதீர்கள்: fidgeted. அழுத்தம் முதல் அசையில் விழுகிறது, ‘விசிட்’ போல. ‘அட்மிட்’டில் அழுத்தம் பின்னால் விழுவதால் அங்கே இரட்டிக்கும். கையில் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்தான் என்று ஆங்கிலத்தில் எழுதினால், சாவிக்கு முன்னால் ‘வித்’ (with) போட மறக்காதீர்கள்.