காலப்பயணமும் கொள்ளைநோயும்: திரைக்கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக எழுத வருபவர்கள் படிக்கச் சொல்லித் தரும் திரைக்கதைகளில் காலப்பயணமும் கொள்ளைநோயும் சேர்ந்த கதைகள் நிறைய. பெரும்பாலும் எல்லாரும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். நீள வசனம், தேதிக் குழப்பம் போன்றவை இரண்டாம் முறை படித்தால் தானே சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

விதியை நடுவில் மாற்றுவது

நடந்ததை மாற்ற முடியுமா, முடியாதா? கதைக்கு ஒரே பதில்தான் இருக்க வேண்டும். அண்மையில் ஓர் இளைஞர் தந்த கதையில் நாயகன் ஆய்வகக் கதவைப் பூட்டுகிறான். அந்தப் பூட்டை உடைக்க வந்தவன் கை பட்டுத்தான் வைரஸ் குப்பி விழுகிறது. நடந்ததை மாற்ற முடியாது என்று காட்டும் அருமையான காட்சி. ஆனால் கிளைமாக்ஸில் அதே நாயகன் இன்னொரு குப்பியைப் பிடுங்கியதும் உலகமே பிழைத்துவிடுகிறது! ஏன் என்று கேட்டேன். "நாயகன் ஜெயிக்கணும்ல சார்" என்றார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. இந்தத் தவறு கடைசிப் பத்துப் பக்கத்தோடு போகாது. சரிசெய்யப் போனால் முதல் பக்கத்திலிருந்தே பிரித்து எழுத வேண்டும்.

டெர்ரி கில்லியம் இயக்கி 1995-இல் வந்த '12 மங்கீஸ்' படத்தைப் பாருங்கள். 500 கோடிப் பேரைக் கொன்ற வைரஸைத் தடுக்க நாயகன் ஜேம்ஸ் கோலை யாரும் கடந்த காலத்துக்கு அனுப்பவில்லை. உருமாறாத மூல வைரஸைத் தேடத்தான் அனுப்புகிறார்கள். அது கிடைத்தால் நிலத்தடியில் பதுங்கியிருப்பவர்கள் மேலே வர வழி பிறக்கும். கடந்த காலம் மாறாது, ஆனாலும் ஜெயிக்க ஒன்று இருக்கிறது. படத்தின் முடிவில் வரும் விமான நிலையக் காட்சி நெஞ்சை அடைப்பதும் அந்த விதி கடைசிவரை வளையாததால்தான்.

தொட்டதும் கொல்லும் வைரஸ்

ஐந்து நிமிடத்தில் ஆள் செத்தால் நோய் அந்த அறையைத் தாண்டுவதே கஷ்டம். நோயாளி நடமாட வேண்டும், விமானம் ஏற வேண்டும். கோவிட் அறிகுறி தெரியும் முன்பே தொற்றியது. எபோலாவில் அறிகுறி தெரிய 2 முதல் 21 நாள் ஆகலாம், அதுவரை பிறருக்குத் தொற்றாது. உங்கள் வைரஸ் எந்த வகை என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். யாரைத் துரத்துவது, எவ்வளவு அவசரம் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

கரும்பலகையில் விளக்கும் விஞ்ஞானி

ஒரு காட்சி போதும்.

நாயகன் சொன்னதும் நம்புவது

எதிர்காலத்திலிருந்து வந்தேன் என்று அவன் சொன்னதும் மற்றவர்கள் நம்பக் கூடாது. '12 மங்கீஸ்' படத்தில் 1990-க்கு வந்து சேரும் கோலை மனநல மருத்துவமனையில்தான் அடைக்கிறார்கள்.

கடைசி நிமிடத்தில் கிடைக்கும் நோய்முறி மருந்து

வேண்டவே வேண்டாம்.