இராமேசுவரம் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமேசுவரத்தில் வழிபாட்டுக்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் கோயிலின் கிழக்கே கடலில் அக்னி தீர்த்த நீராடல், அடுத்துக் கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்கள், பிறகு உலர்ந்த உடை, அதன் பின்னரே சந்நிதி. பன்னிரு ஜோதிர்லிங்கத் தலங்களுள் தமிழகத்தில் இருப்பது இது ஒன்றே என்பதாலும், சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் என்பதாலும், காசி யாத்திரையின் ஒரு முனை இது என்பதாலும் ஆண்டு முழுவதும் இங்கே கூட்டம் குறைவதில்லை. அங்கே அடியார்கள் படும் சிரமங்களில் பெரும்பாலானவை இந்த வரிசையை முன்கூட்டித் தெரிந்துகொள்ளாததால் வருபவை.

ஸ்படிகத்தாலான லிங்கத்தின் அதிகாலைத் தரிசனத்திலேயே இந்தச் சிரமம் தொடங்கிவிடுகிறது. அது மேற்சொன்ன வரிசையில் சேராதது. நடை திறந்ததும், ஏறத்தாழ ஐந்து மணி முதல் ஆறு மணி வரைதான் அந்த தரிசனம் கிடைக்கும். இதற்கு முன்பே கடலில் குளித்துவிட வேண்டும் என்று எண்ணி, இருட்டில் அக்னி தீர்த்தத்தில் மூழ்கி ஈரத்தோடு ஓடி வருகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். தங்கும் இடத்திலேயே குளித்து, உலர்ந்த உடையில் ஸ்படிக லிங்கத்தைக் கண்டுவிட்டு, வெளிச்சம் வந்தபின் கடலுக்குச் செல்வதே எளிது.

ஈர உடையோடு மூலவர் சந்நிதிக்குச் செல்ல அனுமதி இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் பெற்றோரை அழைத்துச் சென்றபோது, மாற்று உடை வைத்திருந்த பையை விடுதி அறையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். 22 தீர்த்தங்களில் இறுதியான கோடி தீர்த்தத்தில் கடைசி வாளித் தண்ணீரும் தலையில் விழுந்து முடிந்த பிறகு, நீர் சொட்டும் புடவையோடு அம்மா ஒரு தூணோரம் நிற்க, நான் விடுதிக்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள் முக்கால் மணி நேரம் போயிற்று. அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. புடவைத் தலைப்பைப் பிழிவதும் உதறுவதுமாக இருந்தார், விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஆகவே மாற்று உடையை நீர் புகாத பையில் கட்டி, நீராடாத ஒருவரிடம் கொடுத்து வைத்திருப்பது நல்லது. நனைந்தால் கனத்துப்போகும் தடித்த துணிகளையும், நனைந்தால் உடல் தெரியும் மெல்லிய வெளிர்நிறத் துணிகளையும் நீராடலுக்கு உடுத்த வேண்டாம்.

மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும் இந்தச் சுற்றில் கருங்கல் தளம் எந்நேரமும் நனைந்தே கிடக்கும். அடுத்த கிணற்றுக்கு முந்திக்கொண்டு ஓடுவது முதியவர்களுக்கு மட்டுமல்லாமல், கையில் குழந்தையைப் பிடித்திருப்பவர்களுக்கும் ஆபத்து. தீர்த்தமாடுவதற்கான சீட்டைக் கோயில் கவுண்டரிலேயே வாங்க வேண்டும். வெளியில் யாரேனும் விரைவாக முடித்துத் தருவதாகச் சொன்னால், தொகை எவ்வளவு, அதில் என்னென்ன அடங்கும் என்பதைக் கேட்டுத் தெளிந்த பிறகே சம்மதிக்க வேண்டும். கடற்கரையில் தர்ப்பணம் செய்விக்கும்போதும் அப்படியே. சடங்கு நடந்துகொண்டிருக்கையில் தொகை பேசுவது இரு தரப்பாருக்கும் மனக்கசப்பு. ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் தர்ப்பணத்துக்கே பெருங்கூட்டம் கூடும் என்பதால், நிதானமாகத் தரிசிக்க விரும்புவோர் வேறு நாளைத் தேர்ந்தெடுக்கலாம்.

என்னை மிகவும் வருத்தும் தவறு ஒன்று உண்டு. நீராடிய உடையைக் கடலிலேயே விட்டுவிட்டால் பாவம் தொலையும் என்று நம்பிப் பலர் வேட்டியையும் புடவையையும் அக்னி தீர்த்தத்தில் விட்டுச் செல்கிறார்கள். அலை அதிகமில்லாத அந்தக் கடலில் துணி எங்கும் போய்விடுவதில்லை. அடுத்து மூழ்குகிறவரின் காலைத்தான் சுற்றுகிறது. அந்தத் துணியைத் துவைத்து இல்லாதவர் ஒருவருக்குக் கொடுத்தால் அதுவும் புண்ணியம்தானே?

சந்நிதியிலும் வரிசை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கயிலையிலிருந்து லிங்கம் கொண்டுவர இராமர் அனுமனை அனுப்பினார், அவர் வரத் தாமதமானதால் சீதை மணலால் பிடித்த லிங்கத்துக்குப் பூசை நடந்தது, பின்னர் வந்து மனம் வாடிய அனுமனைத் தேற்ற, அவர் கொண்டுவந்த லிங்கத்துக்கே முதல் வழிபாடு என்று இராமர் கட்டளையிட்டார் என்பது தலவரலாறு. ஆகவே வடபுறம் உள்ள, அனுமன் கொண்டுவந்த லிங்கமான விசுவநாதரை முதலில் வணங்கிவிட்டே, மணல் லிங்கமான மூலவர் இராமநாதரிடம் வர வேண்டும். நேரே மூலவரிடம் போய்விட்டுக் கூட்டத்தோடு வெளியேறுகிறவர்கள் அனுமனுக்குக் கொடுத்த வாக்கைத் தாண்டிப் போகிறார்கள். அபிஷேகத்துக்குக் கங்கை நீர் கொண்டுவருவோர் அதைச் செம்பு, பித்தளை, வெண்கலம் ஆகியவற்றாலான பாத்திரத்தில் கொண்டுவர வேண்டும். தகரமும் இரும்பும் ஏற்கப்படுவதில்லை. கைப்பேசியைக் கோயிலுக்குள் கொண்டுசெல்லக் கூடாது.

பகல் ஒரு மணிக்கு நடை சாத்தினால் மூன்று மணிக்குத்தான் திறக்கும். அந்த இடைவேளையில் பலரும் தனுஷ்கோடிக்குச் செல்கிறார்கள். 1964 டிசம்பரில் வந்த புயல் அந்த ஊரையே அழித்தது. ஒருபுறம் அமைதியாகக் கிடக்கும் பெண் கடலையும் மறுபுறம் இரையும் ஆண் கடலையும் பார்த்து, அமைதியான பக்கம்தானே என்று அரிச்சல்முனையில் இறங்கிவிடக் கூடாது. இரு கடல்களும் கூடும் அந்த முனையில் நீரோட்டம் வலிது. அங்கே கரையில் நின்று வணங்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மாலைக்குப் பிறகு அங்கே தங்கவும் அனுமதி இல்லை.

திரும்பி வந்ததும் ஊருக்குக் கிளம்பிவிடுவதைப் போன்ற இழப்பு வேறில்லை. காலையில் ஈரக்காலோடு கடந்த மூன்றாம் பிரகாரம், பதினெட்டாம் நூற்றாண்டில் சேதுபதி மன்னர்கள் கட்டி முடித்தது. அதன் தூண்கள் 1212 என்பார்கள். மாலையில் மேடையோரம் நின்று அதன் நீளத்தைப் பார்க்க வேண்டும். கண்ணுக்கெட்டும் தூரத்தில் இரு வரிசைத் தூண்களும் ஒன்றாய்க் குறுகி, மறுமுனையில் வருகிற மனிதர் விரலளவே தெரிவார். காலையில் ஈரத்தில் நடுங்கிய என் அம்மா, அன்று மாலை உலர்ந்த புடவையில் அந்தத் தூண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடந்தார். நானும் அப்பாவும் பின்னால் போனோம்.