கந்தோர் இணையத் தொலைபேசியில் 119உம் 1990உம் தடையின்றிப் போக

பதறிப்போய் நிற்பவர் வெளி அழைப்புக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பதை நினைக்கமாட்டார். அதனால் பொலிஸ் அவசர இலக்கமான 119, அம்புலன்ஸுக்கான 1990, முன்னால் 9 சேர்ந்த 9119, 91990 நான்கையும் பிபிஎக்ஸின் (கந்தோர்த் தொலைபேசிகளை இணைத்து அழைப்புகளை வழிநடத்தும் கருவி) வெளி அழைப்பு விதிகளில் எல்லாவற்றுக்கும் மேலே போடுங்கள். கந்தோரின் உள்ளக இலக்கங்கள் 1இல் தொடங்கும் மூன்று இலக்க எண்களாக இருக்கவே கூடாது. இருந்தால் 1990 அழுத்தும்போது 199 வந்தவுடனேயே தொலைபேசி அழைப்பை அனுப்பிவிடும், கடைசிப் பூச்சியம் போகவே போகாது. 2இல் அல்லது 3இல் தொடங்குங்கள். வெளி இலக்கங்களுக்கு முன்னால் 94 சேர்க்கும் விதி இருந்தால் இந்த நான்குக்கும் விலக்குக் கொடுங்கள். 94119 எங்கும் போய்ச் சேராது.

விசைப்பலகைப் பூட்டையும் பாருங்கள். யீலிங்க் தொலைபேசிகளில் பூட்டியிருந்தாலும் அழைக்கக்கூடிய இலக்கங்களாக 112, 911, 110 என்றுதான் முதலிலேயே பதிந்திருக்கும். எங்கள் 119உம் 1990உம் அதில் இல்லை, கையால் சேர்க்க வேண்டும்.

வன்னிக் கிளைகளில் பெரிய சிக்கல் இடம்தான். பிபிஎக்ஸ் கொழும்பில் இருந்து, அழைப்பும் அங்குள்ள இணைப்பால் வெளியேறினால், மாங்குளத்திலிருந்து பேசினாலும் மறுமுனையில் கொழும்பு இலக்கமே தெரியும். கிளையிலேயே ஒரு சாதாரண இணைப்பு வைத்து (வவுனியாவில் 024, கிளிநொச்சி, முல்லைத்தீவில் 021, மன்னாரில் 023) கேட்வே (இணையத் தொலைபேசியைச் சாதாரண இணைப்போடு சேர்க்கும் பெட்டி) மூலம் அவசர அழைப்பை முதலில் அதனால் அனுப்புங்கள். கொழும்பு வழி இரண்டாவதாக இருக்கட்டும். ஒவ்வொரு தொலைபேசியிலும் முகவரி ஒட்டுங்கள். ‘ஏ9 வீதி’ என்று மட்டும் எழுதினால் போதாது, அது கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை போகிறது. எந்தச் சந்தியிலிருந்து எத்தனை கிலோமீற்றர், வீதியின் எந்தப் பக்கம், முன்னால் கோயிலா பாடசாலையா என்று எழுதுங்கள்.

வலையமைப்பில், தொலைபேசிகளுக்குத் தனி விலான் (அதே வலையமைப்புக்குள் பிரித்தெடுத்த தனிப் பகுதி) கொடுங்கள். எந்தத் தரவு முந்திப் போகவேண்டும் என்று சொல்லும் டிஎஸ்சிபி குறி குரலுக்கு 46, அழைப்பை ஏற்படுத்தும் சமிக்ஞைக்கு 24. ஜி.711 கோடெக்கில் (குரலைத் தரவாக மாற்றும் முறை) ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் வினாடிக்கு ஏறத்தாழ 90 கிலோபிட் வேண்டும். 4ஜி ரவுட்டரில் ஓடும் கிளைக்கு, 30 கிலோபிட்டளவு எடுக்கும் ஜி.729 நல்லது. ரவுட்டரில் சிப் ஏஎல்ஜியை (இணைய அழைப்புச் செய்திகளில் உள்ள முகவரிகளை இடையில் மாற்றும் வசதி) நிறுத்திவிடுங்கள். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்பதற்கும், அழைப்பு 32 வினாடியில் அறுவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம்: எடுத்ததற்கான உறுதிச் செய்தி திரும்பி வராததால் மறுமுனை காத்திருந்து துண்டிக்கிறது.

கரண்ட் போனால்? ஃபைபர் பெட்டி, ரவுட்டர், பிஓஇ சுவிட்ச் (வலைக் கம்பியாலேயே தொலைபேசிக்கு மின்சாரம் கொடுப்பது), கேட்வே எல்லாமே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். கிளையிலேயே பிபிஎக்ஸ் இருந்தால் அதுவும். ஒன்று விடுபட்டாலும் மேசைத் தொலைபேசி ஊமையாகிவிடலாம்.

சோதிக்க 119ஐ அழைத்து அவர்களின் நேரத்தை எடுக்காதீர்கள். அந்த விதிகளின் முடிவிடத்தைச் சிறிது நேரம் உங்கள் கைத்தொலைபேசிக்கு மாற்றி, பூட்டிய நிலையிலும் மெயின் சுவிட்சை அணைத்த நிலையிலும் ஒவ்வொரு மேசையிலிருந்தும் அழுத்திப் பாருங்கள். முடிந்த கையோடு பழையபடி மாற்றி, சேமித்த விதியை இன்னொருவரையும் வாசிக்கச் சொல்லுங்கள்.