பேக்கப் இருந்தும் படங்கள் தொலைவது ஏன்? திருமணப் புகைப்படக் கலைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹார்ட் டிஸ்க் பழுதாவது, படங்கள் தொலைந்துபோகும் வழிகளுள் ஒன்றுதான். கைதவறி அழித்துவிடுவது, திருட்டு, தீ, வெள்ளம், மின்னழுத்தக் கோளாறு, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்று வேறு வழிகள் பல இருக்க, ஸ்டூடியோ நடத்துவோரில் பலர் முதலாவதை மட்டும் மனத்தில் வைத்து ஏற்பாடு செய்கிறார்கள். ஒரு டிஸ்க் போனால் இன்னொன்று இருக்கிறது என்று நிம்மதியாகவும் இருந்துவிடுகிறார்கள். கையில் உள்ள பிரதிகளில் எத்தனை பிரதிகள் ஒரே சம்பவத்தில் சேர்ந்தே போகக்கூடும் என்று கேட்டுப் பார்த்தால், அந்த நிம்மதி பெரும்பாலும் நிலைக்காது.

முதல் தவறு மண்டபத்திலேயே நேர்கிறது. இரண்டு கார்டு போடும் வசதியுள்ள கேமரா வாங்கியதும் பாதுகாப்பு தானாக வந்துவிடுவதில்லை. பல நிக்கான் மாடல்களில் இரண்டாவது கார்டின் வேலை ‘ஓவர்ஃப்ளோ’ என்றே முதலில் அமைந்திருக்கும். அதாவது முதல் கார்டு நிறைந்த பிறகுதான் அது எழுதத் தொடங்கும். அதை ‘பேக்கப்’ என்று நாம்தான் மாற்ற வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க இரண்டாவது கார்டில், சுருக்கிய படமான ஜேபெக் மட்டும் எழுதச் செய்வோரும் உண்டு. ஒன்றுமே இல்லாததற்கு அது மேல் என்றாலும், மஞ்சள் விளக்கொளியில் எடுத்த அரக்குப் பட்டின் நிறத்தை, கேமரா பதிந்த தரவைச் சுருக்கித் திருத்தாமல் வைத்திருக்கும் ரா ஃபைலில் மீட்பது போல ஜேபெக்கில் மீட்க முடியாது. இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, ரிசப்ஷன் முடிந்ததும் இரண்டு கார்டுகளையும் ஒரே பையில் போட்டு வேனில் ஏற்றினால், பை தொலைந்தால் இரண்டும் தொலையும். ஒரு கார்டு உதவியாளரிடம், இன்னொன்று உங்களிடம் என்று பிரித்துக்கொள்வதற்குச் செலவு எதுவுமில்லை.

கணினியில் ஏற்றும்போது ‘கட்’ செய்து ‘பேஸ்ட்’ செய்யும் பழக்கத்தை அறவே விட்டுவிடுவது நல்லது. இடையில் மின்சாரம் போனாலோ கேபிள் ஆடினாலோ எது எங்கே இருக்கிறது என்பதே குழப்பமாகிவிடும். காப்பி முடிந்த பின் படங்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, தம்ப்நெயில்களை ஒருமுறை உருட்டிவிட்டு, கார்டை ஃபார்மேட் செய்வதும் அதே அளவு ஆபத்தானது. ரா ஃபைலுக்குள் சிறிய ஜேபெக் முன்னோட்டம் ஒன்று தனியாகப் பதிந்திருக்கிறது. பல மென்பொருள்கள் முதலில் காட்டுவது அதைத்தான். ரா தரவு பாதியில் சிதைந்திருந்தாலும் முன்னோட்டத்தில் மணமக்கள் அழகாகவே தெரிவார்கள், முழுப் படமாகத் திறக்கும்போதுதான் கீழ்ப்பாதி சாம்பல் பட்டையாகவோ ஊதாக் கோடுகளாகவோ வெளிப்படும். எனவே டெராகாப்பி போன்ற மென்பொருளில், காப்பி முடிந்ததும் மூலத்தையும் பிரதியையும் செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) வழியாக ஒப்பிடும் ‘வெரிஃபை’ வசதியைப் பயன்படுத்துங்கள். நேரம் கூடுதலாகும்தான். ஆனாலும் தனித்தனி டிஸ்க்குகளில் இரண்டு பிரதிகள் சரிபார்க்கப்படும்வரை கார்டைத் தொடக்கூடாது.

பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்டு அமைப்பை பேக்கப் என்று எண்ணுவது, கொஞ்சம் பணம் செலவழித்தவர்கள் செய்யும் தவறு. ரெய்டு 1 இரண்டு டிஸ்க்குகளில் ஒரே நேரத்தில் எழுதுகிறது. ஒன்று பழுதானால் வேலை நிற்காமல் தொடர அது உதவும். ஆனால் நீங்கள் ஒரு ஃபோல்டரை அழித்தால் அது இரண்டிலும் அதே கணத்தில் அழியும், ரான்சம்வேர் புகுந்தால் இரண்டும் பூட்டப்படும். எப்போதும் கணினியில் செருகியே இருக்கும் வெளி டிஸ்க்குக்கும் இது பொருந்தும். வேலை முடிந்ததும் கழற்றி வைக்கப்படும் ஒரு டிஸ்க்காவது இருந்தாக வேண்டும்.

படத் திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கை மூடும்போது ‘பேக்கப் எடுக்கவா’ என்று அது கேட்பதை நம்பி ஏமாறுவோர் எண்ணிக்கை வியப்பளிக்கிறது. அது எடுப்பது கேட்டலாக் என்னும் அதன் பதிவேட்டின் பேக்கப்பை மட்டுமே: உங்கள் திருத்தங்கள், மதிப்பெண்கள், குறிச்சொற்கள் அதில் இருக்கும், படம் ஒன்றுகூட இருக்காது. போதாக்குறைக்கு, நாம் மாற்றாவிட்டால், அந்தப் பிரதியும் கேட்டலாக் இருக்கும் அதே டிஸ்க்கில்தான் போய் உட்காரும்.

சுழலும் பாகமில்லாத சேமிப்புச் சாதனமான எஸ்எஸ்டி வேகமானது, கீழே விழுந்தாலும் தாங்கும் என்பதற்காகப் பழைய வேலைகளை அதில் ஏற்றி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைப்பதும் சரியன்று. அதன் செல்களில் தரவு மின்னூட்டமாகவே தங்குகிறது. மின்சாரமின்றி இருக்கையில் அது மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் விரைவாகக் கசியும். எழுதும் ஆயுளைத் தீர்த்துவிட்ட சாதாரண எஸ்எஸ்டி, மின் இணைப்பில்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே மின்னணுத் துறைத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிர்ணயம். புதியது இதைவிட நெடுங்காலம் தாங்கும் என்றாலும், நீண்டகாலச் சேமிப்புக்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க்கே பொருத்தம், விலையும் குறைவு.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்னும் 3-2-1 விதியைப் பரப்பியவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ. இதில் பெரும்பாலும் கைவிடப்படுவது கடைசிப் பகுதி. சென்னை வேளச்சேரியில் ஸ்டூடியோவும் பள்ளிக்கரணையில் வீடும் வைத்திருப்பவருக்கு அவை இரண்டு இடங்களாகத் தோன்றலாம். 2015 டிசம்பர் வெள்ளம் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. மதுரையில் உள்ள உறவினர் வீட்டுப் பீரோ என்றால் அது வேறிடம். அங்கே வைக்கும் டிஸ்க்கைக் கடவுச்சொல்லால் பூட்டுவது வாடிக்கையாளருக்கு நாம் செய்யும் மரியாதை. அந்தக் கடவுச்சொல்லை ஸ்டூடியோக் கணினியில் மட்டும் எழுதி வைப்பதோ வேறொரு தவறு. இடம் எவ்வளவு பாதுகாப்பானது என்பது மட்டும் போதாது. அமெரிக்க அதிபர் கென்னடியின் புகைப்படக் கலைஞர் ஜாக் லோ தம் நெகட்டிவ்களை, ஏறக்குறைய 40,000, நியூயார்க்கில் வங்கிப் பெட்டகத்தில் வைத்திருந்தார். அந்த வங்கி இருந்தது உலக வர்த்தக மையத்தில். 2001 செப்டம்பர் 11 அன்று அனைத்தும் போயின. இன்று அப்படங்களைப் பார்க்க முடிவது, நெகட்டிவ்களைச் சிறிய அளவில் அச்சிட்ட கான்டாக்ட் ஷீட்டுகள் நகரின் வேறோர் இடத்தில் இருந்ததால்தான்.

கிளவுடில் ஏற்றினால் இந்தக் கவலையே இல்லையே என்பார்கள். இரண்டு நாள் கல்யாணம் 300 ஜிபி வந்தால், 40 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில், தடையே இல்லாமல் ஏறினாலும் ஏறக்குறைய 17 மணி நேரமாகும். முகூர்த்த மாதங்களில் அடுத்த கல்யாணம் அதற்குள் வந்து நிற்கும். ஆகவே தேர்ந்தெடுத்த படங்களையும் இறுதி ஜேபெக்குகளையும் முதலில் ஏற்றுவது நடைமுறைக்கு ஒத்துவரும். கூகுள் ஃபோட்டோஸில் ‘ஸ்டோரேஜ் சேவர்’ தேர்வு இருந்தால் படங்கள் சுருக்கப்படும் என்பதையும், கணினி ஃபோல்டரோடு சிங்க் ஆகும் சேவையில் இங்கே அழிப்பது அங்கேயும் அழியும் என்பதையும் மறக்க வேண்டாம். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள்தான் காத்திருக்கும். ஆல்பம் வேலையோ பல வீடுகளில் அதைத் தாண்டித்தான் தொடங்குகிறது.

எடுத்த பேக்கப்பைத் திறந்தே பார்க்காதிருப்பதைக் கடைசியாகச் சொன்னாலும், மற்றவற்றைவிட இதுவே அதிகம் கெடுக்கிறது என்பது என் கருத்து. சில மாதங்களுக்கு ஒருமுறை, பழைய கல்யாணம் ஒன்றின் ஃபோல்டரை வேறிடத்து டிஸ்க்கிலிருந்து வேறொரு கணினிக்கு எடுத்து, சில ரா ஃபைல்களை முழுதாகத் திறந்து, ஒரு படத்தை அச்சிடும் அளவில் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். டிஸ்க் சுழல மறுப்பது, கேபிள் வகை பொருந்தாதது, கேட்டலாக் படங்களைக் கண்டுபிடிக்காதது எல்லாம் அப்போது தெரியவந்தால் சரிசெய்ய அவகாசம் உண்டு. இதே கணக்கில், ஆல்பம் கொடுத்த பின் படங்களை எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பீர்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி, முழுப் படங்களும் அடங்கிய டிஸ்க்கைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு குடும்பத்தாரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.