எஞ்சின் சில்லில் அரத்தை வைக்கும் முன்

மாதிரி ரயில் எஞ்சின் வளைவில் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டால் பலரின் கை நேராக அரத்துக்குத்தான் போகிறது. சில்லின் ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடும் என்ற நினைப்பு. நானும் ஹட்டனில் ஒரு மழைக்கால இரவில் பழைய எஞ்சின் ஒன்றின் ஆறு சில்லுகளைத் தேய்த்துவிட்டு, அப்புறம்தான் அளந்து பார்த்தேன். சில்லுகளில் பிழையே இல்லை. ஓர் அச்சில் மட்டும் இரண்டு சில்லுக்கும் நடுவே இடைவெளி குறைந்திருந்தது. அந்த ஆறு சில்லும் வீணாகப் போனது இன்றும் மனதை உறுத்துகிறது.

அளக்காமல் தொடங்குவதுதான் பெரிய தவறு. மாதிரி ரயிலில் எச்ஓ (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு), ஓஓ என்ற இரண்டு அளவுக்கும் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதில் ஓடும் சில்லுகளின் உள்முகங்களுக்கு இடையே ஏறத்தாழ 14.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிடித்த அதே வேர்னியர் இடுக்கிமானி போதும். சில்லைச் சுற்றி மூன்று இடத்தில் அளவெடுங்கள். மூன்றும் ஒத்துவராவிட்டால் சில்லு கோணலாக ஏறியிருக்கிறது. இடைவெளி குறைந்தால், பொயின்டில், அதாவது பாதை பிரியும் இடத்தில், சில்லை வழிநடத்தும் காவல் தண்டவாளத்தைச் சில்லின் முதுகு நெருக்கி மேலே ஏறும். கூடினால், இரண்டு பாதையும் வெட்டிக்கொள்ளும் கூர்முனையில் பிளேஞ்ச், அதாவது சில்லின் உள்பக்க விளிம்பு, போய் முட்டும். ஆகவே எஞ்சின் பொயின்டில் மட்டும் இறங்குகிறதென்றால் முதல் சந்தேகம் இந்த இடைவெளி மேல்தான்.

நமது இலங்கையின் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். எச்ஓவுக்குச் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்கும் மேலே வரும். அந்தத் தோற்றத்துக்காகச் சில்லை வெளியே தள்ளுகிறவர்களும் உண்டு. 16.5 பாதையில் ஓடவேண்டிய எஞ்சினுக்கு அதைச் செய்யாதீர்கள்.

இடைவெளியைத் திருத்தும்போது ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பக் கூடாது. பல டீசல் எஞ்சின்களில் இரண்டு அரை அச்சுகளும் நடுவே ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரத்தில்தான் செருகியிருக்கும். நெம்பினால் அது வெடித்துவிடும். விரலால் பிடித்து, மெல்லத் திருகியபடி இழுங்கள். நீராவி எஞ்சினில் இப்படித் திருகவே வேண்டாம். இரு பக்கச் சில்லுகளும் ஒன்றுக்கொன்று கால் சுற்று தள்ளி நிற்பவை. அது பிசகினால் இணைப்புத் தண்டுகள் இறுகிவிடும்.

சரி, அரம் ஏன் இவ்வளவு கெடுதல்? அடுத்த முறை ரயில் ஸ்டேஷனில் நிற்கும்போது குனிந்து சில்லைப் பாருங்கள். தண்டவாளத்தில் உருளும் முகம் தட்டையாக இல்லை, வெளிப்பக்கம் மெல்லச் சரிகிறது. பிளேஞ்ச் தொடங்கும் இடம் மூலை மாதிரி இல்லை, வளைந்து ஏறுகிறது. நேரான பாதையில் சில்லை நடுவில் வைப்பது அந்தச் சரிவு. பிளேஞ்ச் ஏறிவிடாமல் காப்பது அந்த வளைவு. மாதிரிச் சில்லுகளுக்கான ஆர்பி-25 வடிவத்திலும் 3 பாகைச் சரிவும் இந்த வளைவும் இருக்கின்றன. தட்டை அரம் இரண்டையும் ஒரே இழுப்பில் அழித்துவிடும்.

பழைய எஞ்சின்களின் ஆழமான பிளேஞ்ச், தாழ்ந்த தண்டவாளத்தின் பிடிகளில் தட்டி டக் டக் என்று ஓடும். அதற்கு மட்டும்தான் உலோகத்தைக் குறைக்க நியாயம் உண்டு. அதையும் கடைசல் இயந்திரத்தில் செய்யவேண்டும், இல்லாவிட்டால் புதுச் சில்லு போடவேண்டும். எஞ்சினைக் கவிழ்த்து, மின்சாரம் கொடுத்து, சுழலும் சில்லில் அரத்தைப் பிடிக்காதீர்கள். இரும்புத் தூளை மோட்டார் காந்தம் இழுத்துக்கொள்ளும். மண்தாளும் வேண்டாம், அந்தக் கீறல்களில்தான் அழுக்கு தங்கும்.

நம் மலைப்பாதையில் ஓடிய எம்2, எம்6 போன்ற டீசல் எஞ்சின்களைச் செய்கிறவர்களுக்கு ஒரு தனிக் கவனம். அவற்றின் போகியில், அதாவது அச்சுகளைத் தாங்கும் அடிச்சட்டத்தில், மூன்று அச்சு. நடு அச்சுக்கு இழுவை கிடையாது. மாதிரியில் அந்த நடுச் சில்லு ஒரு முடியளவு தாழ்ந்துவிட்டாலும் போகி ஏற்றப்பலகை மாதிரி ஆடும், முன்சில்லு தூக்கும். கண்ணாடித் துண்டில் வைத்துப் பின்னால் டார்ச் அடியுங்கள்; எந்தச் சில்லின் கீழ் வெளிச்சம் தெரிகிறதோ அதுதான் தூக்கி நிற்கிறது. நடுச் சில்லுக்கு மேலும் கீழும் பக்கவாட்டிலும் கொஞ்சம் அசைவு விடுங்கள். ரப்பர் வளையம் போட்ட சில்லென்றால் வளையத்தின் தடிப்பையும் பாருங்கள். பொருந்தாத வளையமும் பக்கத்துச் சில்லைத் தூக்கிவிடும்.

சில்லைக் குறைசொல்லும் முன் பாதையையும் கேளுங்கள். மலைப்பாதையின் இறுக்கமான வளைவுகள் 5 செயின் ஆரை, ஏறத்தாழ 100 மீட்டர். எச்ஓவில் அது 1.15 மீட்டர். நாம் மேசையில் போடுவதோ 45 சென்டிமீட்டர்! நீண்ட எஞ்சின் அதில் திணறுவது சில்லின் குற்றமில்லை. அப்புறம் நம் பனியும் ஈரமும். பலகை ஊறிக் காயும்போது தண்டவாள மூட்டுகள் பிசகும். நான் விரல் நகத்தை மூட்டின் மேல் ஓட்டித்தான் பார்ப்பேன், நகம் தடுக்கினால் அங்கே எஞ்சினும் தடுக்கும்.

எல்லாம் திருத்திய பின் வேகத்தைக் குறைத்து, பொயின்ட் வழியாக எஞ்சினைப் பின்னோக்கியும் ஓட்டிப் பாருங்கள். முன்னோக்கிப் போகும்போது தப்பிய சில்லு அப்போது அகப்படும்.