சொந்த சர்வர் போடறவங்க பண்ற தப்பு: சாவிய உள்ள வச்சுட்டு கதவ சாத்தறது

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு தம்பி போன் பண்ணான். காலேஜ் மூணாவது வருஷம், சொந்தமா மாஸ்டடான் (ட்விட்டர் மாதிரி, ஆனா யார் வேணா சொந்தமா நடத்தலாம்) சர்வர் போட்டுட்டானாம், குரல்லயே அவ்ளோ சந்தோஷம். நானும் பழைய லேப்டாப்புல முத தடவ போட்டப்ப இப்படித்தான் ஊரெல்லாம் போன் பண்ணேன், அதனால அவன் சொல்ல சொல்ல உம் கொட்டிட்டு இருந்தேன். பேச்சுவாக்குல, சர்வரோட இணையப் பேரு, அதான் டொமைன், அத பத்தி, "டொமைன் வாங்குன அக்கவுன்ட்டுக்கு எந்த மெயில்டா குடுத்துருக்க?"ன்னு கேட்டேன்.

"முதல்ல ஜிமெயில்தாண்ணா இருந்துச்சு. கூகிள விட்டு வெளிய வரணும்ல, அதான் அத எடுத்துட்டு நம்ம புது டொமைன்லயே அட்மின்னு ஒண்ணு போட்டுட்டேன்."

வாயில இருந்த டீ அப்படியே நின்னுடுச்சு. ஏன்னா எழுத்து மாறாம இதே காரியத்த இதே காரணத்துக்காக நானும் பண்ணி வச்சு, மூணு வாரத்துக்கு மேல தலையில துண்டு போட்டுட்டு உக்காந்திருந்தேன். அவன்கிட்ட சொன்னத இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன். பாஸ்வேர்ட பலமா வைங்க, ஃபயர்வால் போடுங்க, அப்டேட் பண்ணுங்க மாதிரி விஷயமெல்லாம் எல்லா டுடோரியல்லயும் முத பத்தியிலயே இருக்கு, அத விட்டுடறேன்.

டொமைன்

கட்டற்ற மென்பொருள்ல பெரிய வசதியே எதையும் எப்ப வேணா தூக்கிட்டு போகலாம்ங்கறதுதான். வாடகை சர்வர் பிடிக்கலையா, டேட்டாபேஸ எடுத்துட்டு வேற எடத்துக்கு போங்க. வீட்டு மெஷின் புகைஞ்சு போச்சா, பேக்கப்பு இருந்தா மறுநாளே எழுந்துக்கலாம். ஆனா ஃபெடிவர்ஸ்ல (மாஸ்டடான் மாதிரி தனித்தனி சர்வரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற வலைல) பேரு மட்டும் அப்படி இல்ல. மாஸ்டடான் செட்டப்புல லோக்கல் டொமைன்னு ஒரு வரி கேக்கும், அதுல ஒண்ண எழுதிட்டா அதோட கல்வெட்டு, பின்னாடி மாத்தினா மத்த சர்வரெல்லாம் உங்கள யாரோ புது ஆளுன்னு நெனச்சுக்கும். மேட்ரிக்ஸ்ங்கற சாட்டுக்கு சினாப்ஸ்ங்கற சர்வர் போட்டாலும் அதே கதைதான், சர்வர் நேம் வச்சது வச்சதுதான். "இப்போதைக்கு ஏதாவது ஒரு பேரு போட்டு டெஸ்ட் பண்ணுவோம், நல்லா ஓடினா அப்பறம் மாத்திக்கலாம்"னு ஆரம்பிக்கறவங்கள பாத்தாலே எனக்கு பாவமா இருக்கும்.

சரி என் கதைக்கு வரேன். 2019ல ஒரு டாட் நெட் டொமைன் வாங்குனேன், வெளிநாட்டு ரெஜிஸ்ட்ரார் (டொமைன் விக்கற கம்பெனி), வருஷத்துக்கு ஆயிரம் ரூபா சொச்சம். ஆட்டோ ரினியூவல் ஆன் பண்ணி கார்டு நம்பர குடுத்துட்டு மறந்துட்டேன். மாஸ்டடான், ஃபைல் போட்டோ எல்லாம் வைக்கற நெக்ஸ்ட்கிளவுட், எல்லா பாஸ்வேர்டும் இருக்கற வால்ட்வார்டன், சொந்த மெயில் எல்லாமே அந்த ஒரு டொமைன் மேலதான். அந்த டொமைன வாங்குன அக்கவுன்ட்டோட மெயிலும் அதே டொமைன்ல. அப்ப எனக்கு அது பெருமை வேற, பாருங்க கூகிள் இல்லாம வாழறேன்னு.

2021 அக்டோபர் 1லருந்து ரிசர்வ் வங்கியோட புது விதி வந்துச்சு. நம்ம ஊரு கார்டுலருந்து யாராவது தானா திரும்பத் திரும்ப காசு எடுக்கணும்னா, முதல்ல ஓடிபி போட்டு மேன்டேட்ங்கற அனுமதி பதியணும், எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி நமக்கு தகவல் வரணும். நல்ல விதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா பல வெளிநாட்டு கம்பெனிங்க அதுக்கு தயாரா இல்ல, பேங்க் பாட்டுக்கு டிக்ளைன் பண்ணிடுச்சு. நவம்பர்ல என் ரினியூவலும் அப்படித்தான் போச்சு. எஸ்எம்எஸ் வந்திருக்கு, லோன் வேணுமான்னு வர எஸ்எம்எஸ்ஸோட சேத்து அதையும் நானே தள்ளி விட்டிருக்கேன்.

இந்த டாட் காம், டாட் நெட் வகையறாவுக்கெல்லாம் ஐகான்ங்கற உலக டொமைன் அமைப்போட விதி ஒண்ணு இருக்கு, ரெஜிஸ்ட்ரார் நமக்கு ஞாபகப்படுத்தியே ஆகணும்: காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாசம் முன்னாடி, அப்பறம் ஒரு வாரம் முன்னாடி, முடிஞ்ச பிறகு 5 நாளுக்குள்ள இன்னொண்ணு. முத ரெண்டும் எனக்கு வந்துச்சு, அதான் ஆட்டோ ரினியூவல் இருக்கேன்னு தொறந்து கூட பாக்கல. மூணாவது எப்படி வரும்? அது வந்து சேர வேண்டிய மெயில் சர்வரோட டொமைனே செத்துப் போச்சே.

இதுல உச்சகட்ட காமெடி என்னன்னா எனக்கு இது 12 நாள் தெரியவே இல்ல. வீட்டு ரவுட்டருக்கு பின்னாடி பை-ஹோல் (எந்தப் பேரு எந்த ஐபின்னு வீட்டுக்குள்ளயே பதில் சொல்ற சர்வர்) வச்சிருந்தேன், அதுல என் டொமைன் பேருக்கு நேரா 192.168ல ஆரம்பிக்கற வீட்டு ஐபிய எழுதி வச்சிருந்தேன், வைஃபைல இருந்தா வெளிய போய் சுத்தி வராம நேரா வரட்டும்னு. அப்ப வீட்டுலருந்தே வேலை, வெளிய போறதே கம்மி. வீட்டுல எல்லாம் ஜோரா தொறக்குது, லெட்ஸ் என்கிரிப்ட் குடுத்த பாதுகாப்பு சான்றிதழ் 90 நாளுக்கு இருந்ததால பிரவுசர்ல பூட்டு படம் கூட அப்படியே இருக்கு. நான் பாட்டுக்கு போஸ்ட் போடறேன், ஒருத்தரும் பதில் சொல்லல, டைம்லைன்ல புதுசா ஒண்ணும் வரல. சத்தியமா சொல்றேன், நம்ம பேச்சு எல்லாருக்கும் போரடிச்சிருச்சு போலன்னுதான் நெனச்சேன். கடைசில சொந்த கம்ப்யூட்டரே இல்லாத என் சித்தப்பா பையன் ஒருத்தன், என் நெக்ஸ்ட்கிளவுட்ல கல்யாண போட்டோ பாக்கப் போனவன், "அண்ணே உங்க சைட்ல ஏதோ விளம்பரம் வருது"ன்னு போன் பண்ணான். மொபைல் டேட்டால தொறந்து பாத்தா ரெஜிஸ்ட்ராரோட பார்க்கிங் பக்கம், காலாவதியான பேருக்கு அவங்க போடற விளம்பரப் பக்கம்.

பதறிப் போய் காசு கட்டலாம்னு லாகின் பண்ணா, புது ஐபி, உங்க மெயிலுக்கு ஓடிபி அனுப்பிட்டோம்னு சொல்லுது. எந்த மெயிலுக்கு? அதே மெயிலுக்கு. சாவிய உள்ள வச்சுட்டு கதவ சாத்தினவன் கதை. வால்ட்வார்டன்ல பழைய பாஸ்வேர்ட்லாம் போன் ஆப்புல ஆஃப்லைன்ல இருந்துச்சு, ஆனா பாஸ்வேர்ட வச்சு என்ன பண்றது, ஓடிபி இல்லாம.

சப்போர்ட்டுக்கு எழுதுனேன். அடையாள அட்டை கேட்டாங்க. இங்கதான் நான் பண்ணின இன்னொரு புத்திசாலித்தனம் வெளிய வந்துச்சு: வாங்கறப்ப பிரைவசி பிரைவசின்னு சொல்லிட்டு உரிமையாளர் பேருல என் புனைபேர குடுத்து வச்சிருக்கேன். பாஸ்போர்ட்ல இருக்கற பேரு வேற, அங்க இருக்கற பேரு வேற. டொமைன் யாருதுன்னு காட்டற பொதுப் பட்டியல்ல பேர மறைக்க தனி வசதி பல ரெஜிஸ்ட்ரார்கிட்ட இருக்கு, அதுக்காக பொய்ப்பேரு குடுக்கணும்னு அவசியமே இல்ல. பழைய கார்டு ஸ்டேட்மென்ட், ரசீது, போட்டோ புடிச்ச கையெழுத்து, மெயில் மேல மெயில், 22 நாள் இழுத்துச்சு. அதுக்குள்ள அவங்க குடுத்த 30 நாள் சலுகை காலம் முடிஞ்சு டொமைன் ரிடெம்ப்ஷனுக்கு போயிடுச்சு. இந்த ரிடெம்ப்ஷன் 30 நாள், அதுக்கப்பறம் 5 நாள்ல அழிச்சுட்டு சந்தைக்கு விட்டுடுவாங்க. ரிடெம்ப்ஷன்ல மீட்க தனி அபராதம், ஆயிரம் ரூபா டொமைனுக்கு ஏழாயிரத்து சொச்சம் அழுதேன். அந்த ரசீத இன்னும் பிரின்ட் போட்டு ரேக் மேல ஒட்டி வச்சிருக்கேன்.

காசு கூட பரவால்ல. அந்த நாள்ல மத்த சர்வர்லருந்து எனக்கு வராம போன போஸ்ட் போனதுதான். மாஸ்டடான் ஒரு பதிவ கொண்டு போய் சேக்க முடியலன்னா விட்டு விட்டு 16 தடவ முயற்சி பண்ணும், கணக்கு போட்டா சுமாரா 2 நாள் வரும், அதோட அந்த பதிவுக்கு தண்ணி தெளிச்சிடும். 7 வெவ்வேறு நாள் இப்படி தோத்துப் போச்சுன்னா அந்த சர்வரே இல்லன்னு குறிச்சுக்கிட்டு அனுப்பறதையே நிறுத்திடும். திரும்பி வந்த பிறகு என் பக்கத்துலருந்து ஏதாவது ஒண்ணு அவங்களுக்கு போனாத்தான் ஓ ஆள் இருக்காப்லன்னு மறுபடி ஆரம்பிக்கும். என்ன ஃபாலோ பண்றவங்க இருக்கற சர்வருக்கு ஒரு போஸ்ட் போட்டா போயிடும். நான் மட்டும் ஃபாலோ பண்ற ஆளுங்க இருக்கற சர்வருக்கு என்ன பண்றது? ஒரு ராத்திரி பூரா உக்காந்து ஒவ்வொரு சர்வர்லயும் ஒருத்தரோட பழைய பதிவா தேடித்தேடி ஸ்டார் தட்டுனேன். 3 வருஷம் முன்னாடி போட்ட பூனை படத்துக்கெல்லாம் ஸ்டார். ஒரு ஜெர்மன்காரர் "நலமா?"ன்னு கேட்டாரு.

டொமைன் மொத்தமா போயிருந்தா இன்னும் மோசம். அக்கவுன்ட்ட வேற சர்வருக்கு மாத்தற வசதி மாஸ்டடான்ல இருக்கு, ஃபாலோயர்ஸ் கூடவே வருவாங்க, பதிவுங்க வராது. ஆனா "நான் வீடு மாறிட்டேன்"ங்கற அந்த செய்திய பழைய சர்வர்தான் அனுப்பணும். பழைய பேரே இல்லன்னா யாரு அனுப்பறது? அதுமட்டுமில்ல, அந்த டொமைன வேற எவனாவது வாங்கி அதே மெயில் முகவரிய உண்டாக்கிக்கிட்டான்னா, அந்த மெயில வச்சு நீங்க தொறந்த அத்தன அக்கவுன்ட்டுக்கும் பாஸ்வேர்ட் ரீசெட் அவனுக்குத்தான் போகும்.

இதுல நாட்டு டொமைன்ங்க தனி ரகம். டாட் எம்எல் பாக்க மெஷின் லேர்னிங் மாதிரி இருக்கும், உண்மையில அது மாலி நாட்டோடது, 2023 ஜூலைல எஃப்எம்ஹெச்ஒய்ங்கற லெம்மி (ரெடிட் மாதிரி ஃபெடிவர்ஸ் மென்பொருள்) சர்வர் அதோட டாட் எம்எல் பேர இழந்துச்சு. டாட் ஏஎஃப் ஆப்கானிஸ்தானோடது, 2024 பிப்ரவரில குயர் டாட் ஏஎஃப்ங்கற மாஸ்டடான் சர்வரோட பேர தாலிபான் அரசாங்கம் முடக்குச்சு. பேரு ஸ்டைலா இருக்கேன்னு வாங்கறதுக்கு முன்னாடி அது எந்த நாட்டோடதுன்னு ஒரு நிமிஷம் பாத்துடுங்க.

இப்ப நான் என்ன பண்றேன்னா: டொமைன் அக்கவுன்ட்டுக்கு மட்டும் வெளிய ஒரு கம்பெனில மெயில், அது யாருதா இருந்தாலும் சரி, கொள்கை பேசற எடம் அது இல்ல. ஆட்டோ ரினியூவல நம்பறதில்ல, 5 வருஷத்துக்கு சேத்து கையால கட்டிட்டேன், 10 வருஷம் வரைக்கும் கட்டலாம். அதோட ரிகவரி கோடுங்க பேப்பர்ல, பீரோல, எல்ஐசி பத்திரத்தோட. சர்வர் உயிரோட இருக்கான்னு பாக்கற அப்டைம் கூமா என் வீட்டுல இல்ல, ஃப்ரெண்டு வீட்டு மெஷின்ல ஓடுது, அவரோடது என் வீட்டுல. நாடி பாக்கறவரும் நோயாளியும் ஒரே ஆளா இருக்கக்கூடாது பாருங்க.

மெயில் சர்வர்

வேண்டாம். முத வருஷம் வேண்டவே வேண்டாம்.

டிஸ்க் ரொம்பறது

தம்பிங்க எல்லாம் "நான் ஒருத்தன்தானே, 40 ஜிபி போதாதா"ன்னு கேப்பாங்க. போடறது நீங்க ஒருத்தர்தான், பாக்கறது ஊரையே. நீங்க ஃபாலோ பண்ற ஒவ்வொருத்தர் படமும் வீடியோவும் உங்க டிஸ்க்குல ஒரு காப்பி வந்து உக்காரும். ரிலே (பல சர்வர் பதிவையும் கொண்டு வந்து கொட்டற சேவை) வேற சேத்துட்டீங்கன்னா சுத்தம். டிஸ்க் ரொம்பினா முதல்ல மூச்சு நிக்கறது மாஸ்டடானோட டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்தான். அட்மின் பக்கத்துல மீடியா கேஷ் எத்தன நாள் வச்சுக்கணும்னு ஒரு கட்டம் இருக்கு, 7ன்னு போடுங்க. காலியா விட்டா எதையும் அழிக்காது.

டாக்கர்ல லேட்டஸ்ட்

சர்வர் மென்பொருள கன்டெய்னர்ங்கற பெட்டில ஓட்டற டாக்கர்ல போஸ்ட்கிரெஸுக்கு வெர்ஷன் நம்பருக்கு பதிலா லேட்டஸ்ட்னு போட்டு வச்சிருப்பீங்க, ஒரு நாள் காலைல அப்டேட் பண்ணா அது அடுத்த பெரிய வெர்ஷனுக்கு தாவிடும், பழைய டேட்டா ஃபைல் எனக்கு ஒத்துக்காதுன்னு கன்டெய்னர் எழுந்துக்கவே எழுந்துக்காது. நம்பர எழுதுங்க.

பேக்கப்பு

ரெய்டு (பல டிஸ்க்க ஒண்ணா சேத்து ஓட்டறது) பேக்கப்பு இல்ல. அதே டிஸ்க்குல இன்னொரு ஃபோல்டரும் பேக்கப்பு இல்ல. டேட்டாபேஸ் எடுப்பாங்க, படம் எடுப்பாங்க, ரகசிய கீ எல்லாம் இருக்கற அந்த என்வ் ஃபைல (மாஸ்டடானோட செட்டிங்ஸ் ஃபைல) மட்டும் மறந்துடுவாங்க. மாஸ்டடான் 4.3 வெர்ஷன்லருந்து டேட்டாபேஸ்ல சிலத மறைச்சு வைக்கற கீயும் அதுலதான் இருக்கு.

யார் வேணா சேரலாம்

ஊருக்கு நல்லது பண்றோம்னு புது ஆளுங்க சேர்றத எல்லாருக்கும் தொறந்து விட்டுட்டு பரீட்சைக்கு படிக்க போயிடுவாங்க. 2024 பிப்ரவரில ஃபெடிவர்ஸ் முழுக்க ஸ்பாம் அலை ஒண்ணு அடிச்சுச்சு, அது பூந்தது பெரிய சர்வர்ல இல்ல, இப்படி தொறந்து கெடந்த ஆளில்லாத சின்ன சர்வருங்க வழியாத்தான். அதுக்கப்பறம் மாஸ்டடான்லயே மாத்துனாங்க, ஒரு வாரமா அட்மின் யாரும் எட்டிப் பாக்கலன்னா தானா ஒப்புதல் கேக்கற முறைக்கு போயிடும். ஆனா அதுக்குள்ள மத்த அட்மினுங்க உங்கள பிளாக் பண்ணிருந்தா, ஒவ்வொருத்தர்கிட்டயா போய் கெஞ்சறது உங்க பாடு.

மேட்ரிக்ஸ்ல பெரிய ரூம்

1 ஜிபி ரேம்ல சினாப்ஸ போட்டுட்டு ஆயிரக்கணக்கான பேர் இருக்கற ரூம்ல சேர்றது. குருவி தலையில பனங்காய்.

தம்பி கதைக்கு வரேன். உரிமையாளர் மெயில மாத்தினா புது முகவரிக்கு ஒரு சரிபார்ப்பு மெயில் வரும், 15 நாளுக்குள்ள அதுல இருக்கற லிங்க்க தட்டணும், இல்லன்னா டொமைன நிறுத்தி வச்சுடலாம். "அந்த மெயில் வந்துச்சாடா?"ன்னு கேட்டேன். "மெயில் சர்வர் இன்னும் சரியா ஓடலண்ணா, வெளியலருந்து எதுவும் உள்ள வர மாட்டேங்குது"ன்னான். மாத்தி எத்தன நாளாச்சுன்னு கேட்டா 13ங்கறான். நல்லவேளை ரெஜிஸ்ட்ரார் பக்கம் இன்னும் லாகின்லயே இருந்துச்சு, லாக் அவுட் மட்டும் பண்ணிடாதன்னு கத்துனேன். வெளிய ஒரு ஃபார்வர்டிங் சேவைய புடிச்சு, டொமைனுக்கு வர மெயில் எந்த சர்வருக்கு போகணும்னு சொல்ற எம்எக்ஸ் ரெக்கார்ட அதுக்கு திருப்பி, அவனோட பழைய ஜிமெயிலுக்கே போய் விழற மாதிரி பண்ணி, சரிபார்ப்பு மெயில மறுபடி அனுப்புன்னு பட்டன தட்டிட்டு ரெண்டு பேரும் போன்ல அமைதியா காத்துட்டு இருந்தோம். ராத்திரி 11:40க்கு வந்துச்சு. ஸ்பாம் ஃபோல்டர்ல.